சம்பளக் கடிதத்தில் இல்லாத சம்பளம்

பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வாப்பா முதலில் கேட்பது என்ன? "எவ்வளவு சம்பளம்?" என்பதுதான். உம்மாவின் கேள்வி வேறு. "சாப்பாடு, தங்குமிடம், நோய் நொடி வந்தால் பார்க்கிறது எல்லாம் எப்படி?" இரண்டு கேள்விகளில் உம்மாவின் கேள்விதான் ஆழமானது. அதற்குப் பதில் தெரியாமல் வாப்பாவின் கேள்விக்குக் கிடைக்கும் பதில் வெறும் இலக்கமே. அந்த இலக்கத்தை மட்டும் வைத்து வாழ்க்கை முடிவுகளை எடுத்து, பின்னர் கணக்குப் பிழைத்துப் போன குடும்பங்கள் ஏராளம்.

இதை விளக்க ஒரு உத்தியோகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் தரவுத்தள நிர்வாகியின் வேலை அது. கணனித் துறையில் படித்து அங்கே போகும் நம் பிள்ளைகளின் முன்னே அடிக்கடி வரும் கேள்வி இது: கம்பனியா, பல்கலைக்கழகமா? இலக்கத்தைப் பார்த்தால் கம்பனி. ஆனால் இலக்கம் மட்டும் போதுமா?

யார் இந்தத் தரவுத்தள நிர்வாகி?

ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒவ்வொருவருடைய பெயர், பிறந்த திகதி, எடுத்த பாடங்கள், பெற்ற புள்ளிகள், கட்டிய பணம், வாங்கிய கடன், கடைசியில் பெறும் பட்டம் எல்லாம் கணனியில் அட்டவணைகளாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. இந்த அடுக்குக்குத்தான் தரவுத்தளம் என்று பெயர். அதைக் காப்பவர் தரவுத்தள நிர்வாகி. தினமும் மறுபிரதி எடுத்து வைப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்துவது, வேகம் குறைந்தால் சீர்செய்வது, பழுதடைந்தால் இழப்பின்றி மீட்டெடுப்பது ஆகியவை அவருடைய கடமைகள்.

அவர் ஒழுங்காக வேலை செய்தால் அவர் இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. தவறினால் ஊருக்கே தெரியும். 2014 பெப்ரவரியில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளம் ஒன்றினுள் அந்நியர் நுழைந்தபோது, சுமார் 3 இலட்சம் பேரின் விபரங்கள் வெளியே போயின. 2016 நவம்பரில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுமார் 4 இலட்சம் பேரின் பதிவுகள் இருந்த தரவுத்தளத்தில் இதே போன்ற ஊடுருவல் நடந்தது. மாணவர்களின் கல்விப் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே இது திரைக்குப் பின்னால் நடக்கும் வேலையானாலும் பொறுப்பு மிக்க வேலை.

இலக்கம் சொல்வது என்ன?

அமெரிக்கத் தொழில் புள்ளிவிபரப் பணியகத்தின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் அந்நாட்டுத் தரவுத்தள நிர்வாகிகளின் நடுமட்டச் சம்பளம் ஆண்டுக்கு 104,620 டொலர். அதாவது பாதிப் பேர் இதற்கு மேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் இதற்குக் கீழே. பல்கலைக்கழகங்களில் இருப்போர் பெரும்பாலும் கீழ்ப் பாதியில்தான் இருக்கிறார்கள். வங்கியோ, காப்புறுதிக் கம்பனியோ, மென்பொருள் கம்பனியோ கொடுக்கும் தொகையைப் பல்கலைக்கழகம் கொடுப்பதில்லை. ஆண்டிறுதி போனஸ் இல்லை. கம்பனிப் பங்குகளும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ஏது பங்கு?

இதற்குக் காரணங்கள் உண்டு. பல்கலைக்கழகத்தின் வருமானம் மாணவர் கட்டணம், மாநில அரசின் பணம், ஆராய்ச்சி மானியம், நன்கொடை என்று பல வழிகளில் அளவாக வருகிறது. ஊழியர்கள் தரவரிசைப்படி வகுக்கப்பட்டிருப்பார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் கீழ்மட்டம், மேல்மட்டம் என எல்லைகள் உண்டு. கெட்டிக்காரன் என்பதற்காக அந்த எல்லையைத் தாண்டிக் கொடுப்பது இலகுவல்ல.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. இந்தத் தொழிலின் தொட்டில்களில் ஒன்றே பல்கலைக்கழகம்தான். அட்டவணை முறைத் தரவுத்தளத்தின் அடிப்படைக் கருத்தை ஐ.பி.எம். கம்பனியின் எட்கார் கொட் 1970இல் வெளியிட்டார். அந்தக் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று, கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் அவரது குழுவினரும் எழுபதுகளில் செய்த 'இங்கிரஸ்'. அதையடுத்து 1986இல் அங்கேயே தொடங்கியதுதான் 'போஸ்ட்கிரெஸ்'. அதன் வழிவந்த மென்பொருளை இன்று உலகம் முழுவதும் இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். வித்தையைப் பெற்றெடுத்த வீட்டில் கூலி குறைவு. வித்தையைக் கொண்டுபோன கடைகளில் கூலி அதிகம்!

அப்படியானால் பல்கலைக்கழக வேலைக்கு ஆட்கள் ஏன் போகிறார்கள்? போனவர்கள் பலர் ஏன் இருபது வருடம் இருந்துவிடுகிறார்கள்? விடை சம்பளக் கடிதத்தில் இல்லை. கடிதத்துடன் வரும் 'ஊழியர் நலன்கள்' என்ற தடித்த கையேட்டில் இருக்கிறது. பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

கையேட்டைப் பிரித்துப் பார்ப்போம்

முதலாவது, வைத்தியம். அமெரிக்காவில் அரச ஆஸ்பத்திரிக்குப் போய் இலவசமாக மருந்தெடுத்து வரும் வழக்கம் இல்லை. காப்புறுதி இல்லாதவன் ஒரு சத்திர சிகிச்சையோடு கடனாளியாகிவிடலாம். தொழில் வழங்குநர் ஊடாகக் கிடைக்கும் குடும்பக் காப்புறுதியின் செலவு 2024இல் சராசரியாக ஆண்டுக்கு 25,572 டொலர். அதில் ஊழியர் கட்டியது சராசரியாக 6,296 டொலர்தான். மீதி 19,000 டொலருக்கு மேற்பட்ட தொகையை முதலாளி கட்டுகிறார். இது நாடு தழுவிய சராசரி. கம்பனிகளிடையேயும் பல்கலைக்கழகங்களிடையேயும் பெரும் வித்தியாசங்கள் உண்டு. "காப்புறுதி உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "குடும்பத்துக்கு என்றால் என் பங்கு மாதம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, முதுமைக்கான சேமிப்பு. இதில்தான் பல்கலைக்கழகங்கள் முந்தி நிற்கின்றன. ஆசிரியர்களும் கல்வி ஊழியர்களும் முதுமையில் வறுமையில் வாடக்கூடாது என்று, அன்ட்ரூ கார்னகி நிறுவிய அறநிதியத்தின் பணத்தைக் கொண்டு 1918இலேயே தனி ஓய்வூதிய நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. டி.ஐ.ஏ.ஏ. என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஊழியர் தன் சம்பளத்தில் 5 வீதம் போட்டால் பல்கலைக்கழகம் 10 வீதம் போடுகிறது. நமது சேமலாப நிதியைப் போன்ற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலோ பழைய பாணி ஓய்வூதியமே இன்னும் இருக்கிறது. 2013 ஜூலைக்குப் பின் சேர்ந்து அந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் 65 வயதில் ஓய்வு பெற்றால், சேவை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 2.5 வீதம். இருபது வருட சேவைக்கு, தொடர்ந்த மூன்றாண்டுகளில் பெற்ற உச்சச் சம்பளச் சராசரியில் பாதி, ஆயுள் முழுவதும் கிடைக்கும்.

மூன்றாவது, பிள்ளைகளின் படிப்பு. இதற்குச் சமமான சலுகையைக் கம்பனிகளில் காண்பது அரிது. பல பல்கலைக்கழகங்கள் தம் ஊழியர்களுக்கும், அவர்களின் துணைவருக்கும், பிள்ளைகளுக்கும் படிப்புக் கட்டணத்தில் கழிவு தருகின்றன. சில இடங்களில் கட்டணமே இல்லை. சில இடங்களில் பாதி. ஊழியரின் பிள்ளைகள் வேறு கல்லூரியிலும் சலுகையில் படிக்க வழிசெய்யும் கூட்டமைப்பொன்றில் 600க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்துள்ளன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம், ஐந்து வருட சேவை முடித்த ஊழியரின் பிள்ளை அங்கீகரிக்கப்பட்ட எந்தக் கல்லூரியில் படித்தாலும், தன் சொந்தப் படிப்புக் கட்டணத்தின் அரைவாசி வரை கொடுக்கிறது. ஸ்டான்போர்டின் கட்டணம் 2024-25இல் 65,000 டொலருக்கு மேல். அரைவாசி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

பட்டப்படிப்புக்கான இந்தக் கழிவுக்கு வருமான வரியும் இல்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளித்தது. 2017இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை வரிச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த விலக்கை நீக்கிவிட முயன்றது. மாணவர்களும் ஊழியர்களும் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டு டிசெம்பரில் நிறைவேறிய இறுதிச் சட்டத்தில் விலக்கு தப்பிப் பிழைத்தது. சலுகை என்பது நிரந்தர உரிமையல்ல என்பதை அந்தச் சில வாரங்கள் பல குடும்பங்களுக்கு உணர்த்தின.

ஒரு கணக்குப் போடுவோம்

இது கற்பனைக் கணக்குத்தான். ஆனாலும் போட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு. ஒரு கம்பனி 110,000 டொலர் தருகிறது. ஓய்வுகாலச் சேமிப்புக்கு 4 வீதம் போடுகிறது. ஒரு பல்கலைக்கழகம் 90,000 டொலர் தருகிறது. சேமிப்புக்கு 10 வீதம் போடுகிறது. வைத்தியக் காப்புறுதி இரண்டிலும் ஒன்றே என்று கொள்வோம். சம்பளத்தில் வித்தியாசம் 20,000 டொலர். சேமிப்பில் கம்பனி போடுவது 4,400. பல்கலைக்கழகம் போடுவது 9,000. ஆகவே உண்மை வித்தியாசம் 15,400 டொலர். பதினைந்து வருடத்துக்கு 231,000 டொலர்.

இப்போது படிப்புச் சலுகைக்கு வருவோம். இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு நாலு வருடம், வருடத்துக்கு 32,000 டொலர் சலுகை என்றால் மொத்தம் 256,000 டொலர். சம்பளத்தில் கூடக் கிடைக்கும் பணத்துக்கு வரி உண்டு. சலுகைக்கு வரி இல்லை. குறைந்த சம்பள வேலை இங்கே கூடிய சம்பள வேலையாகிவிட்டது!

ஆனால் அவசரப்பட வேண்டாம். இதே கணக்கைக் கலியாணம் முடிக்காத இருபத்தைந்து வயது இளைஞனுக்குப் போட்டுப் பாருங்கள். அவனுக்குப் படிப்புச் சலுகையின் பெறுமதி பூச்சியம். அல்லது பிள்ளைகள் கட்டணம் குறைந்த அரச கல்லூரிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். சலுகை அந்தக் கட்டணத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். அல்லது நாலு வருடத்தில் வேலையை விட்டுவிடுகிறார் என்று வையுங்கள். ஐந்து வருட நிபந்தனை உள்ள இடத்தில் கையில் எதுவும் மிஞ்சாது.

நான் சொல்ல வந்த விடயம் இதுதான். சம்பளக் கடிதத்தில் உள்ள இலக்கம் எல்லோருக்கும் ஒன்று. சம்பளத்தின் பெறுமதி ஆளுக்கு ஆள் வேறு. ஒரே கதிரையில் இருந்து ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு அது இலாபமாகவும் மற்றவருக்கு நட்டமாகவும் இருக்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தோடு நம் பிள்ளையின் சம்பளத்தை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவது எவ்வளவு அர்த்தமற்றது என்பதை யோசித்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய முட்கள்

பல்கலைக்கழக வேலை என்றால் ரோசாப்பூ மெத்தை என்று எண்ணிவிடக் கூடாது.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும். ஆனால் குறித்த சம்பளத்துக்கு மேல் பெறும் கணனி வல்லுநர்கள் பலருக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. தரவுத்தள நிர்வாகிகளையும் பெரும்பாலும் அந்த வகையிலேயே சேர்ப்பார்கள். பாடப் பதிவு ஆரம்பமாகும் நாளில் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தரவுத்தளம் நின்றுவிட்டால் எழுந்து போக வேண்டும். அதற்கு மேலதிகக் கொடுப்பனவு இருக்காது. எல்லோரும் விடுமுறையில் போகும் டிசெம்பர் இறுதி வாரம்தான் புதிய மென்பொருள் ஏற்றுவதற்கு வசதியான வாரமாகவும் அமையும். எத்தனை பேர் முறை வைத்து இரவுப் பொறுப்பை எடுக்கிறார்கள், அதற்கு ஈடாக லீவு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வேலை உறுதி என்பதும் முன்னரைப் போல இல்லை. 2025இல் மத்திய அரசின் ஆராய்ச்சி மானியங்கள் குறைக்கப்பட்டபோது ஹார்வர்ட், ஸ்டான்போர்ட் போன்ற செல்வம் மிகுந்த பல்கலைக்கழகங்களே புதிதாக ஆட்சேர்ப்பதை நிறுத்தின. படிப்புச் சலுகையில் தாராளமான அதே ஸ்டான்போர்ட், அவ்வாண்டு கோடையில் 363 ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. ஆகவே ஒரு பதவி பல்கலைக்கழகத்தின் நிரந்தர வரவுசெலவிலிருந்து சம்பளம் பெறுகிறதா, குறித்த காலத்து மானியத்திலிருந்து பெறுகிறதா என்பதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. மானியம் முடிந்தால் வேலையும் முடியும்.

தொழிலும் மாறி வருகிறது. முன்பு பல்கலைக்கழகக் கட்டிடத்திலேயே இருந்த கணனிகள் இன்று 'கிளவுட்' எனப்படும் வாடகைக் கணனிகளுக்கு இடம் மாறுகின்றன. மறுபிரதி எடுப்பது போன்ற அன்றாட வேலைகள் தானாகவே நடக்கின்றன. பாதுகாப்பு, தரவுகளை ஒழுங்குபடுத்தல், ஒரு முறைமையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றல் போன்றவற்றைக் கற்றவருக்கே இனி இடம். ஊழியர் தாமும் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ மேற்படிப்புப் படிக்கலாம் என்ற சலுகை இருந்தால், அதைப் பயன்படுத்தாமல் விடுவது கைக்கு வந்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமன்.

வெளிநாட்டிலிருந்து போவோருக்கு இன்னொரு விடயமும் உண்டு. எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அமெரிக்காவில் முதுமாணிப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கு மேலும் 20,000 பேருக்கும் என்று எல்லை வைத்துக் குலுக்கலில் வழங்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை அந்த எல்லையிலிருந்து விலக்கியது. குலுக்கலில் பெயர் வராத பலருக்குப் பல்கலைக்கழகம் கதவு திறந்தது இதனால்தான். ஆனால் அங்கிருந்து கம்பனிக்கு மாற விரும்பினால் பெரும்பாலும் குலுக்கலுக்குள் போக வேண்டும். வெளியே போகும் கதவு ஒடுக்கமானது என்பதை உள்ளே போகும்போதே அறிந்திருக்க வேண்டும். 2025 செப்டெம்பர் 19இல் ஜனாதிபதி ட்ரம்ப் வெளியிட்ட பிரகடனம், நாட்டுக்கு வெளியே இருப்போருக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் விதித்தது. பல்கலைக்கழகங்களுக்கென்று பொதுவான விலக்கு எதுவும் அதில் தரப்படவில்லை. எனவே விண்ணப்பிக்கும் நாளில் சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே அடி எடுத்து வைக்க வேண்டும்.

மறைக்கப்படாத சம்பளங்கள்

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரச பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் பகிரங்கமானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அந்த விபரத்தை வெளியிடுகின்றன. நேர்முகப் பரீட்சைக்குப் போகுமுன், அதே பதவியில் இருப்பவர்கள் எவ்வளவு பெறுகிறார்கள் என்று பார்த்துவிட்டே போகலாம். கலிபோர்னியாவில் 2018 முதல், முன்னைய வேலையில் என்ன சம்பளம் வாங்கினீர்கள் என்று விண்ணப்பதாரியிடம் கேட்பது சட்டப்படி தடை. 2023 முதல், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் விளம்பரத்திலேயே சம்பள எல்லையைக் குறிப்பிட வேண்டும். முன்பு குறைவாக வாங்கிய குற்றத்துக்காக இங்கும் குறைவாக வாங்கும் நிலை, விசேடமாகப் பெண்களுக்கு, இதனால் ஓரளவு நீங்குகிறது.

பட்டியலைப் பார்த்து, எல்லையின் மேல்மட்டத்துக்குக் கிட்டக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் ஆரம்பச் சம்பளம் முக்கியமானது. ஏனெனில் ஆண்டு உயர்வு சிறு வீதங்களில்தான் வரும். ஆரம்பத்தில் இழந்ததைப் பின்னர் பிடிப்பது கடினம்.

அன்பின் வாசகர்களே! உங்கள் பிள்ளையோ, தம்பியோ, தங்கையோ இப்படியொரு கடிதத்துடன் வந்தால் இந்த ஐந்து கேள்விகளையும் பேசிப் பாருங்கள். குடும்பக் காப்புறுதியில் நம் பங்கு எவ்வளவு? ஓய்வுகாலச் சேமிப்புக்கு அவர்கள் எத்தனை வீதம் போடுகிறார்கள், எத்தனை வருடம் இருந்தால் அது நமதாகும்? படிப்புச் சலுகை யாருக்கு, எப்போதிருந்து? இரவு அழைப்பு யாருடைய தலையில்? இந்தப் பதவிக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை காலத்துக்கு?

ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகு, அடுத்த பத்து வருடத்தில் உங்கள் குடும்பம் எங்கே நிற்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். மூத்தவள் எந்த வகுப்பில் இருப்பாள்? பெற்றோருக்கு எத்தனை வயதாகும்? அந்தக் கணக்கைச் சம்பளக் கடிதம் எழுதியவர் போட்டிருக்க மாட்டார். நீங்கள்தான் போட வேண்டும்.